மேலறைத் தேனீ இறங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்போம்

மாசியில் முருங்கை, பங்குனியில் வேம்பு, அதையொட்டி நாவலும் புங்கனும். மாதவரம், கொளத்தூர், செங்குன்றம் வட்டாரத்துத் தேன்பெட்டிகள் கனப்பது இந்த மாதங்களில்தான். பக்கத்து மொட்டைமாடியில் வடாம் காய்வதும், கொடியில் துணி தொங்குவதும், விடுமுறைப் பிள்ளைகள் மாடியில் கிரிக்கெட் ஆடுவதும் அதே மாதங்களில்தான். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் தேன் எடுப்பதற்காக அடை கட்டிய மரச்சட்டத்தை உதறித் தேனீயைக் காற்றில் கிளப்பினால், தேனுக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சண்டை வந்து சேரும். ஒருவழிப் பலகை இங்கே அவசியமாவது அதனால்தான். தேன் சேரும் மேலறையான தேன் அறைக்கும், புழு வளரும் கீழறையான புழு அறைக்கும் நடுவில் அதை வைத்தால் தேனீ கீழே இறங்கலாம், மேலே ஏற வழி தெரியாது. ஓரிரு நாளில் மேலறை சத்தமில்லாமல் காலியாகும்.

காலியாகாத போதுதான் சிக்கல். பலரும் உடனே பலகையைக் குறை சொல்லி வேறு பலகை வாங்குகிறார்கள். பெரும்பாலும் பலகையில் தப்பில்லை. தேனீ மேலே நிற்கிறதென்றால் அங்கே நிற்க அதற்கு ஒரு காரணம் இருக்கிறது: புழு, ராணி, மெழுகால் மூடாத தேன், கீழே இடமின்மை, இரவுப் புழுக்கம். இவற்றில் எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வது முக்கியமாக இந்தியத் தேனீக்கும், அதை வளர்க்கும் சிறிய மரப்பெட்டியான நியூட்டன் பெட்டிக்கும். தேன் அறையில் 7 சின்னச் சட்டங்கள், ஒவ்வொன்றின் உள்ளளவு 20.5 × 6.2 செ.மீ. இத்தாலியத் தேனீயின் 10 சட்டப் பெட்டிக்கு எங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் பலகை சரியா?

நியூட்டன் பெட்டிக்கு ஏற்ற பலகை எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தாலும் தச்சருக்குத் தச்சர் பெட்டி அளவு மாறுவதால் பொருந்தாது. உங்கள் பெட்டியின் வெளியளவை எடுத்துச் செய்துகொள்வதே மேல். 6 மி.மீ. பிளைவுட்டை அந்த அளவுக்கு வெட்டுங்கள். நடுவில் 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு துளை. பலகையின் இரண்டு பக்கமும் விளிம்பைச் சுற்றி 8 மி.மீ. உயர ரீப்பர் (மெல்லிய மரப்பட்டி) அடியுங்கள். தேனீ தாராளமாக நடக்க அந்த உயரம் போதும், அதற்கு மேல் விட்டால் அடை கட்டிவிடும்.

கீழ்ப்புறத்தில் துளையைச் சுற்றி அதே 8 மி.மீ. ரீப்பரால் ஒரு முக்கோணம், அதைச் சுற்றி இன்னொரு பெரிய முக்கோணம். இரண்டுக்கும் மூலைகளில் மட்டும் ஒரு தேனீ நுழையும் அளவு, அதாவது 8 முதல் 10 மி.மீ., திறப்பு விடுங்கள். இரண்டு முக்கோணத்தையும் சேர்த்து மூடும்படி ஒரு துண்டுக் கொசுவலையை ஸ்டேப்ளர் பின்னால் அடித்துவிடுங்கள். எஃகு வலையாக இருக்கட்டும். நைலான் வலையைத் தேனீ கடித்துக் கிழித்துவிடும். பாரிமுனை பக்கத்து வலைக் கடைகளில் துண்டாகவே வெட்டித் தருவார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. மேலே இருக்கும் தேனீக்கு வலை வழியாகப் புழு அறையின் வாசனை வருகிறது. துளையில் இறங்கி, சுவரை ஒட்டி நடந்து, மூலை வழியாக வெளியே போகிறது. திரும்பி வரும்போது வாசனை வலையின் நடுவில் இருந்து வருவதால் அங்கேயே முட்டி நிற்கிறது. திறப்பு ஓரத்தில் இருப்பது அதற்குப் புரியாது, அதாவது இரண்டு நாள் வரைக்கும்.

கம்பி வைத்த பழைய வகை ஒன்றும் உண்டு. 1891-இல் அமெரிக்காவில் வந்த போர்ட்டர் மாதிரி: மெல்லிய இரண்டு கம்பிகளைத் தள்ளிக்கொண்டு தேனீ வெளியேறும். இத்தாலியத் தேனீக்குக் கம்பி நுனிகளின் இடைவெளி சுமார் 3 மி.மீ. அதே இடைவெளியோடு இந்தியத் தேனீக்கு வைத்தால் சிறிய உடல் இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வரும். இடைவெளியைக் குறைத்து, தேனீயின் முதுகு லேசாக உரசும் அளவுக்கு வளைத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் முக்கோணப் பலகைதான் எங்கள் தேர்வு. அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

அறிகுறி: ஒரு ராத்திரி ஆகியும் மேலறை அப்படியே நிறைந்திருக்கிறது

மூடியைத் திறந்து எல்லாச் சட்டத்திலும் முன்போலவே தேனீ இருந்தால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். வரிசைக்குக் காரணம் உண்டு: முதலில் இருப்பவை திருத்த எளியவை.

பலகை தலைகீழாக இருக்கிறதா? வலையும் முக்கோணமும் கீழே பார்க்க வேண்டும். சாயங்கால வெளிச்சத்தில் அவசரமாக வைத்தால் இது சகஜம். மாற்றி வைத்திருந்தால் கீழறைத் தேனீ எல்லாம் மேலே ஏறி, இறங்க முடியாமல் நிற்கும். பலகையின் மேல்முகத்தில் ஒரு அம்புக்குறி எரித்தோ, பெயின்டால் "மேல்" என்று எழுதியோ வைத்துவிட்டால் பிறகு இந்தப் பேச்சே வராது.

கம்பி வகை என்றால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண் தேனீ தடித்தது. கம்பிக்கு நடுவில் சிக்கிச் செத்தால் பின்னால் வரும் அத்தனைக்கும் வழி மூடிவிடும். குண்டூசியால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஆண் தேனீ அதிகம் திரியும் பருவத்தில் கம்பி வகையைத் தவிர்ப்பது நல்லது.

கீழே இடம் இருக்கிறதா? இந்தக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை. மேலறைத் தேனீ எல்லாம் எங்கே போய் நிற்கும்? புழு அறையில் 7 சட்டமும் ஏற்கெனவே நிரம்பி வழிந்தால் இறங்க வழி இருந்தும் இறங்காது. பலகைக்குக் கீழே, புழு அறைக்கு மேலே, கட்டிய அடைகளோடு ஒரு காலித் தேன் அறையை வையுங்கள். அடை இல்லாவிட்டால் வெறும் சட்டமாவது இருக்கட்டும். ஆக வரிசை: அடிப்பலகை, புழு அறை, காலித் தேன் அறை, ஒருவழிப் பலகை, நிறைந்த தேன் அறை, மூடி.

இவை எல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது சென்னை இரவு. குளிர் நாடுகளில் இந்தப் பலகை ஒரே ராத்திரியில் வேலை முடிப்பதற்குக் காரணம், இரவு குளிர்ந்ததும் தேனீ புழுவைச் சூடாக வைக்கக் கீழே போய் ஒண்டுவதுதான். நமக்குத் தை மாதத்து இரவு 21 டிகிரி வரை இறங்கும். அப்போது பலகை ஒரே இரவில் நன்றாகவே வேலை செய்யும். மே மாதம் சராசரி இரவே 28 டிகிரி. ஒண்ட வேண்டிய தேவையே இல்லாதபோது தேனீ மேலேயே காற்றாட நிற்கும். ஆகவே கோடையில் இரண்டாவது காலைவரை, அதாவது 36 மணி நேரம், பொறுத்திருங்கள். சாயங்காலம் 5 மணி வாக்கில் வைத்தால் மறுநாள் முழுக்க விட்டு அதற்கடுத்த நாள் விடியலில் எடுக்கலாம். நடுவில் எத்தனை இறங்கிற்று என்று திறந்து பார்க்கப் போகாதீர்கள். ஒவ்வொரு தடவை மூடியைத் தூக்கும்போதும் கொஞ்சம் மேலே பறந்து சேரும்.

அறிகுறி: மற்றச் சட்டம் காலி, ஒன்றிரண்டில் மட்டும் கொத்தாக நிற்கிறது

இது பலகைக் கோளாறு இல்லவே இல்லை. அந்தச் சட்டத்தில் புழு இருக்கும், இல்லை ராணியே இருக்கும். புழுவை விட்டுவிட்டு வேலைக்காரத் தேனீ நகராது, எத்தனை நாள் வைத்தாலும்.

சட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தேன் மூடி வெளிர்நிறமாய்த் தட்டையாகவோ சற்றுக் குழிந்தோ இருக்கும். புழு மூடி பழுப்பாய், கொஞ்சம் மேடாக இருக்கும். ஆண் தேனீப் புழு என்றால் குமிழ் குமிழாகத் துருத்தி நிற்கும். இந்தியத் தேனீயின் ஆண் புழு மூடியில் நடுவே ஊசி குத்தினாற்போல் ஒரு சின்னத் துளையும் தெரியும்.

புழு இருந்தால் அந்தச் சட்டத்தை அறுவடையில் சேர்க்காதீர்கள். தேனோடு புழுவும் நசுங்கினால் தேன் புளிக்கும். தேன் அறைச் சட்டம் உயரம் குறைந்தது என்பதால் அதைப் புழு அறையில் செருகுவதும் சரிப்படாது. அடியில் கிடைக்கும் வெற்றிடத்தில் தேனீ கோணல்மாணலாக அடை கட்டிவிடும். பலகைக்குக் கீழே வைத்த காலித் தேன் அறையில் போடுங்கள். 3 வாரத்தில் புழு பொரிந்து வெளியேறிவிடும், பிறகு தேன் எடுக்கலாம்.

ராணி இருந்தால் அந்தச் சட்டத்தைத் திறந்த புழு அறைக்கு மேல் பிடித்து, அவளைச் சட்டத்திலிருந்து மெல்லக் கீழே இறங்க விடுங்கள். விரலால் பிடிக்க வேண்டாம். ராணி மேலே மாட்டிக்கொண்டு ஓரிரு நாள் ஆகிவிட்டால் கீழே இருப்பவை ராணி இல்லை என்று நினைத்து அவசர ராணி அறை கட்டத் தொடங்கும். கீழறையிலிருந்து வழக்கமில்லாத ஒரு முனகல் இரைச்சல் கேட்டால் இதைச் சந்தேகப்படுங்கள். பலகை வைப்பதற்கு முன்பே 7 சட்டத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டால் இந்த அறிகுறியே வராது. ஐந்து நிமிட வேலை.

ராணித் தடுப்பு (வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையும்படி இடைவெளி விட்ட தட்டு) வைத்தும் ராணி மேலே போகிறாள் என்றால், இத்தாலியத் தேனீக்கான தடுப்பை வாங்கியிருப்பீர்கள். அதன் இடைவெளி 4 மி.மீ.-க்குச் சற்று அதிகம். நம் ராணி அதற்குள் நுழைந்துவிடுவாள்.

அறிகுறி: நேற்றுக் குறைந்திருந்தது, இன்று கூடிவிட்டது

இரண்டு காரணம். பலகை 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சில தேனீ வழி கற்றுக்கொள்ளும், மற்றவை பின்தொடரும். அப்படி என்றால் பலகையை எடுத்துவிட்டு, நாலைந்து நாள் கழித்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

இன்னொன்று மோசமானது: திருட்டு. காவல் இல்லாத தேன் அறை எல்லாருக்கும் திறந்த கடை. இத்தாலியத் தேனீ பெட்டியின் விரிசலை மரப்பிசின் வைத்து அடைத்துவிடும். இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. ஆகவே மூடி ஓரத்து விரிசல், வெடித்த மூலை, ஆணித் துளை எல்லாம் அப்படியே திறந்திருக்கும். காலியான மேலறைக்குள் வெளித் தேனீ அந்த வழியாக நேரே நுழைகிறது.

திருட்டை அடையாளம் காண்பது எளிது. வாசலைவிட மூடி ஓரத்தில் நடமாட்டம் அதிகம். வருபவை நேரே இறங்காமல் பக்கவாட்டில் ஆடி ஆடி இடம் தேடும். அடிப்பலகையில் மெழுகுத்தூள் உதிர்ந்திருக்கும். தேன் மூடிகள் கத்தியால் சீவியதுபோல் இல்லாமல் பிய்த்துக் கிழித்ததுபோல் இருக்கும். கண்டதும் ஈரத்துணியால் மேலறையைச் சுற்றி மூடுங்கள். வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள். அன்று வேறெந்தப் பெட்டியையும் திறக்காதீர்கள். இருட்டிய பிறகு மேலறையைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் அன்றே தேனை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை பலகை வைக்கும் சாயங்காலமே எல்லா இணைப்பிலும் பேக்கிங் டேப் ஒட்டிவிடலாம். டேப்புக்கு 2 நிமிடம் கூட ஆகாது, ஆனால் இந்த ஒரு வேலையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

அறிகுறி: மேலறை காலி, ஆனால் அடை சரிந்து தேன் வடிகிறது

தேனீ விசிறும்வரைதான் அடை வெயிலைத் தாங்கும். மெழுகு உருகுவது 62 டிகிரிக்கு மேல் என்றாலும், 40-ஐத் தொட்டாலே இளகிப் பலமிழந்துவிடும். தகர மூடியோ நேரடி வெயிலோ படும் மொட்டைமாடியில் பெட்டிக்குள் அதைத் தாண்டிவிடும். தேன் நிறைந்த புது அடை தன் எடையிலேயே அறுந்து விழும். வடிந்த தேன் துளை வழியாகக் கீழே இறங்கிப் புழு அறைத் தேனீயை நனைக்கும், எறும்பை அழைக்கும்.

கோடையில் பலகை இருக்கும் நேரம் முழுக்க நிழல் வேண்டும். தென்னங்கீற்று மூடி அதன்மேல் நனைத்த சணல் சாக்குப் போட்டால் போதும். எடுப்பது என்று முடிவானால் காலை 7 மணிக்குள் எடுங்கள். ராயபுரம், எண்ணூர்ப் பக்கம் நண்பகல் வாக்கில் கடற்காற்று வந்துவிடும், கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொளத்தூரில் அது தாமதமாகத்தான் வரும். அதற்காகக் கடற்காற்று வந்த பிறகு திறக்கலாம் என்று நினைக்க வேண்டாம். காற்று வேகத்தில் தேனீக்குச் சிடுசிடுப்பு கூடும்.

அறிகுறி: எறும்பு

தேனீ நின்றவரை எறும்பைத் தடுத்தது தேனீயேதான். அது இறங்கிய அன்றே எறும்பு ஏறும். தாங்கியின் நாலு காலுக்கும் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். நம் ஊரில் தேங்கிய தண்ணீர் என்றால் கொசுப்புழு, மாநகராட்சிக்காரர்கள் வந்து கேட்பார்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் தண்ணீரே வேண்டாம், பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். சுவரிலோ செடியிலோ பெட்டி உரசிக்கொண்டிருந்தால் கிண்ணம் எதற்கும் உதவாது.

அறிகுறி: வாசலில் தாடிபோல் தொங்குகிறது

கூட்டம் ஓடப்போகிறது என்று பயந்து பலகையை எடுத்துவிட வேண்டாம். கீழே இடமும் காற்றும் போதவில்லை. காலித் தேன் அறை இடையில் வையுங்கள், வாசலை முழுக்கத் திறந்துவிடுங்கள். ராத்திரியில் உள்ளே போய்விடும்.

பலகை இல்லாமல் எடுக்கும்போது

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் தோப்பில் ஒன்றிரண்டு பெட்டி வைத்திருப்பவருக்குப் பலகையே தேவையில்லை. 7 சட்டத்தைத் துடைக்கப் பத்து நிமிடம். பெட்டி முன்னால் ஆள் நடமாட்டம் இல்லாத காலை நேரம் போதும். இதில் வரும் கோளாறுகள் வேறு.

உதறினால் அடை உடைகிறதா? புது அடையை உதறவே கூடாது. உதறுவது பழைய, கம்பி கட்டிய அடைக்கு மட்டும்: திறந்த புழு அறைக்கு மேல் பிடித்து ஒரே வெட்டாக ஒரு இழுப்பு. மெல்ல மெல்ல ஆட்டினால் தேனீ இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோபப்படும். புது அடைக்கு மென்மையான பிரஷ், அல்லது ஒரு பிடி பச்சைப் புல். பிரஷ்ஷில் தேன் ஒட்டினால் தேனீயும் ஒட்டும், கொட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து அடிக்கடி அலசி உதறுங்கள். கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். துடைத்த சட்டத்தை உடனே ஈரத்துணி மூடிய டப்பாவில் வையுங்கள், திறந்து வைத்தால் துடைத்தவை அங்கேயே திரும்பும்.

புகை போட்டால் அடங்காமல் இங்குமங்கும் ஓடுகிறதா? இந்தியத் தேனீக்கு அதிகப் புகை அப்படித்தான் செய்யும். வாசலில் இரண்டு ஊதல், மூடியைத் தூக்கியதும் ஒன்று, அவ்வளவே. தேங்காய் நார் அல்லது வறட்டி. புகை கையில் பட்டால் சுடக்கூடாது. எண்ணெய்த் துணி, பிளாஸ்டிக், டயர்த் துண்டு எதையும் எரிக்காதீர்கள். மூடாத தேன் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும், பிறகு போகாது.

அந்துருண்டை, பினாயில், மண்ணெண்ணெய் வைத்துத் தேனீயை விரட்டும் யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தேனீ போகும்தான். தேனும் கெட்டுப்போகும். அந்துருண்டை மெழுகுக்குள்ளேயே ஊறிவிடும், அந்த அடையை அடுத்த வருடமும் பயன்படுத்த முடியாது.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டுப் பனிக்கட்டி வையுங்கள். கொட்டிய இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ கைவைத்தியம் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அருகில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெட்டி திறக்கும் நாளில் வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

அறிகுறி: சுத்தமாக இறங்கிவிட்டது, ஆனால் தேன் தண்ணியாக இருக்கிறது

பலகை பழுக்காத தேனைப் பழுக்க வைக்காது. வைப்பதற்கு முன்னால் சட்டத்தைப் படுக்கை வாட்டில் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குங்கள். சொட்டுத் தெறித்தால் அது இன்னும் பூந்தேன், விட்டுவிடுங்கள். நாலில் மூன்று பங்கு மூடியிருந்தால் எடுக்கலாம். தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இந்தியத் தேனீயின் தேன் இயல்பாகவே அந்த எல்லையை ஒட்டி, பல நேரம் தாண்டியே இருக்கும். காலியான மேலறையை ஒருநாள் கூடுதலாக வெளியே விட்டால் கடலோரக் காற்றின் ஈரத்தையும் அது குடிக்கும். ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி இருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். எடுத்த அன்றே பிழிந்து, வடிகட்டி, ஈரம் துளியும் இல்லாத கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி இறுக்கி மூடுங்கள்.

அறிகுறி: தேன் எடுத்த ஒரு வாரத்தில் கூடே காலி

இந்தியத் தேனீ பொறுத்துப் பார்க்கும் ரகம் இல்லை. பசியும் தொந்தரவும் சேர்ந்தால் பெட்டியை விட்டுப் போய்விடும். ஏழு சட்டத்தையும் எடுப்பது அதற்கு நேரே வழி. வைகாசிக்குப் பிறகு வடசென்னையில் பூ குறையும். சித்திரைக் கடைசி அறுவடையில் இரண்டு சட்டத்தையாவது விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வெளியே போக முடியாது, அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சமமாகக் கலந்த பாகைப் பெட்டிக்கு உள்ளேயே வைக்க வேண்டும். வெளியே வைத்தால் ஊர்த் தேனீ எல்லாம் வரும்.

பிழிந்த சட்டங்களைத் திருப்பி வைப்பது இருட்டிய பிறகு மட்டும். தேன் ஒட்டிய அடையைப் பகலில் வைத்தால் மேலே சொன்ன திருட்டுத்தான். ராத்திரி வைத்தால் விடிவதற்குள் நக்கித் துடைத்துவிடும். ஒருவழிப் பலகையை அப்போது எடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். அது இருந்தால் சட்டத்துக்கு ஏற வழியே இல்லை.